சத்துணவும் காலை உணவும்: டெல்டாவில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். 1982-இல் சத்துணவு தொடங்கியபோது நான் மூன்றாம் வகுப்பு. முதல் நாள் தட்டும் கையுமாக வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருத்தி. இன்று அதே வரிசையை ஒழுங்குபடுத்துகிறேன். பெற்றோர் கூட்டம், ரேஷன் கடை, கல்யாணப் பந்தி என்று எங்கே போனாலும் இந்தச் சாப்பாட்டைப் பற்றி யாராவது கேட்கிறார்கள். சிலருக்கு அக்கறை, சிலருக்குக் குத்தல். இரண்டு வகைக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

ரேஷன்ல அரிசி சும்மா கிடைக்குது. நெல்லு விளையிறதும் நம்ம ஊர்லதான். அப்புறம் பள்ளிக்கூடத்துல எதுக்கு டீச்சர் சோறு?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். கேட்பவர் சொல்வதில் பாதி உண்மை. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் அரிசி இலவசம். எங்கள் பக்கத்தில் அரிசியே இல்லாத வீடு இன்று அபூர்வம். ஆனால் டெல்டாவின் வறுமையை அரிசிப் பானையில் தேடினால் கண்ணுக்குப் படாது. பானைக்குப் பக்கத்துச் சட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

சோறு வடித்தாயிற்று, ஊற்றிக்கொள்ள என்ன? பருப்பு, எண்ணெய், காய், முட்டை எல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. குறைந்த விலையில் ரேஷனில் கிடைக்கும் ஒரு கிலோ துவரம் பருப்பு ஐந்து பேர் இருக்கும் வீட்டில் எத்தனை நாளைக்கு வரும்? கூலி வந்த நாளில் குழம்பு, மீன். வராத நாளில் புளித்தண்ணியும் ஊறுகாய்ப் பாக்கெட்டும். வயிறு நிறைகிறது, உடம்பு வளரவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 57 பேருக்கு ரத்த சோகை. அரிசி இலவசமாகி எட்டு ஆண்டுகளுக்குப் பிந்தைய கணக்கு இது.

இன்னொன்று, அந்த அரிசியைப் பொங்குவது யார்? நடவுக் காலத்திலும் களை எடுப்புக் காலத்திலும் அம்மாக்கள் காலை ஆறரைக்கெல்லாம் கிளம்பிவிடுகிறார்கள். பக்கத்து ஊர் வேலை என்றால் குட்டி யானை வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும், அதற்கு இன்னும் சீக்கிரம் எழ வேண்டும். பிள்ளை கண் விழிக்கும்போது வீட்டில் இருப்பது பழையது, அதுவும் இருந்தால். இல்லாவிட்டால் அஞ்சு ரூபாய் பிஸ்கட்டும் கடுங்காப்பியும். எட்டு வயதுப் பிள்ளைக்கு மூட்டையில் இருக்கும் அரிசி சாப்பாடு ஆகாது.

நாங்கல்லாம் பட்டினி கிடந்து படிக்கலையா?

படித்தீர்கள். உங்களோடு பட்டினி கிடந்து நாலாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போனவர் இந்தக் கேள்வியைக் கேட்க வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் நாள் இரவு ஏழரைக்குச் சாப்பிட்ட பிள்ளை மறுநாள் பன்னிரண்டரைக்குத்தான் மதியச் சாப்பாட்டைப் பார்க்கும் என்றால் இடையில் பதினேழு மணி நேரம். மூளைக்கு ஓயாமல் சர்க்கரைச் சத்து வேண்டும், வளரும் பிள்ளைக்குப் பெரியவர்களைவிட அதிகம் வேண்டும். காலை உணவு வருவதற்கு முன்பு என் வகுப்பில் பதினோரு மணி ஆனால் தெரிந்துவிடும். ஒருத்தி வயிறு வலிக்கிறது என்பாள். ஒருவன் மேசைமேல் தலையைச் சாய்ப்பான். இன்னொருவன் காரணமே இல்லாமல் பக்கத்துப் பையனைக் கிள்ளுவான். முதலில் அடங்காத பிள்ளைகள் என்று நினைத்துத் திட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இந்தியா முழுவதும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. ஐந்து ஆண்டு வரை மதிய உணவு கிடைத்த பிள்ளைகள், ஓராண்டுகூடக் கிடைக்காத பிள்ளைகளைவிட வாசிப்பில் 18 சதவீதமும் கணக்கில் 9 சதவீதமும் கூடுதலாகப் பெற்றிருந்தார்கள். பாடம் நடத்துகிறவர் மாறவில்லை, புத்தகமும் மாறவில்லை.

காலை உணவு யாருக்கு? என்ன போடுகிறார்கள்?

ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கியது, முதலில் 1,545 பள்ளிகள். மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது எங்கள் டெல்டாவிலிருந்துதான்: 2023 ஆகஸ்ட் 25, திருக்குவளை. பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளும் சேர்ந்தன, 2024-இல் கிராமப்புறம், 2025-இல் நகர்ப்புறம்.

உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி சாம்பார். மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். அதே பள்ளியில் படிக்கும் பிள்ளையின் அம்மாவைத்தான் இந்த வேலைக்கு எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இந்த விதியை யோசித்தவரைக் கண்டால் கும்பிடுவேன். தன் பிள்ளையும் சாப்பிடப் போகிற சாம்பாரில் யாரும் தண்ணீரை அள்ளி ஊற்ற மாட்டார்கள். தொடங்கிய பள்ளிகளில் மாநிலத் திட்டக் குழு பார்த்தபோது 1,543-இல் 1,319 பள்ளிகளில் வருகை கூடியிருந்தது. என் பள்ளியில் வருகையைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு: தாமதமாக வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஒன்பதரைக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவர்கள் எட்டேகாலுக்கே வாசலில் நிற்கிறார்கள்.

மதியம்?

ஒன்று முதல் பத்தாம் வகுப்பு வரை. மத்திய அரசுத் திட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். ஒன்பது, பத்துக்கு மாநிலமே தன் பணத்தில் போடுகிறது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளைக்கு 100 கிராம் அரிசி, ஆறாம் வகுப்பு முதல் 150 கிராம். அந்த ஒரு வேளையில் சின்னவர்களுக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், ஆறு முதல் எட்டு வரை 700 கலோரியும் 20 கிராம் புரதமும் சேர வேண்டும் என்பது தேசிய அளவு. வெறும் சோற்றால் இந்தப் புரதக் கணக்கு நேராகாது. பருப்பு, கொண்டைக்கடலை, முட்டை எல்லாம் அதற்காகத்தான்.

கலவைச் சாதம் வந்த பிறகு பிள்ளைகளே கிழமையைச் சொல்லிவிடுகிறார்கள். கொண்டைக்கடலைப் புலாவ் என்றால் செவ்வாய். தலைவர்கள் பிறந்த நாளில் சர்க்கரைப் பொங்கல் உண்டு. ஜூலை 15 என்றால் என்ன நாள் என்று கேட்டேன். "பொங்கல் டீச்சர்" என்றான் ஒருவன். காமராஜர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு?

வாழைப்பழம்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிறவங்களுக்கு?

கிடையாது. பதினாறு வயதில் பசி இல்லை என்று யார் கண்டுபிடித்தார்களோ.

பள்ளிக்கூடத்துல சாப்பிட்டா வீட்டுல சோத்தைக் குறைச்சிடுவாங்களே? என்ன லாபம்?

மத்தியப் பிரதேசத்தில் இதே சந்தேகத்தை வைத்து ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். பிள்ளைகள் ஒரு நாளில் சாப்பிட்ட மொத்தத்தைக் கணக்கெடுத்ததில், பள்ளியில் கிடைத்தது பெருமளவு கூடுதலாகவே சேர்ந்திருந்தது. வீட்டில் அதைக் கழித்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் நான் பார்ப்பதும் அதுதான். மதியச் சோறு மிச்சமானால் அது பள்ளிக்குப் போகாத சின்னத் தம்பிக்கோ பாட்டிக்கோ போகும். அதை நட்டம் என்று எழுத எனக்குக் கை வராது.

சத்துணவு அரிசியில பிளாஸ்டிக் அரிசி கலந்திருக்குன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

வந்தது, எனக்கும் நாலு பேர் அனுப்பினார்கள். அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 வைட்டமின் சேர்த்துப் பிசைந்து, மறுபடியும் அரிசி வடிவில் அச்சில் வார்த்த மணிகள். நூறு மணிக்கு ஒன்று என்ற அளவில் சாதாரண அரிசியில் கலக்கிறார்கள். நிறம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், களையும்போது சில மணி மிதக்கும். மிதப்பதைப் பொறுக்கி வெளியே கொட்டினால் சத்தைத்தான் கொட்டுகிறீர்கள். எங்கள் சமையலர் அக்காவே முதல் மாதம் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். தலசீமியா போன்ற ரத்த நோய் உள்ள பிள்ளை என்றால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உப்பும் சாதாரண உப்பு இல்லை. அயோடினும் இரும்பும் சேர்ந்த இரட்டைச் செறிவு உப்பு.

எந்த மாசத்துல பிள்ளைங்க அதிகமா வாடுது?

இதை இதுவரை ஒரே ஒருவர்தான் கேட்டார், வெளியூரிலிருந்து வந்த ஓர் அதிகாரி. எல்லோரும் கேட்க வேண்டியது என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

சம்பா நட்டு, களையும் எடுத்தாயிற்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழை. வயல் முழுக்கத் தண்ணீர், தை அறுப்பு வரை கூலி வேலை இல்லை. அந்த அறுப்பும் இப்போது மெஷின் கையில். என் சின்ன வயதில் அறுப்புக் கூலியை நெல்லாகவே அளந்து கொடுப்பார்கள். அம்மா அதைக் குதிரில் கொட்டிவைத்து ஆடி வரை ஓட்டுவார். மெஷின் வந்த பிறகு அந்த நெல்லும் இல்லை, குதிரும் இல்லை. இந்த மழை மாதங்களில் எங்கள் பள்ளியில் இரண்டாம் முறை சோறு கேட்கும் கைகள் அதிகம். மழைக்குக் கலெக்டர் விடுமுறை விட்டால் ஊரில் மற்ற பிள்ளைகள் துள்ளிக் குதிக்கும். "நாளைக்கு லீவா டீச்சர்?" என்று என் வகுப்பில் சிலர் கேட்கும் தொனியே வேறு.

2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்ததும் இதே பருவத்தில்தான். சத்துணவுக் கூடத்து ஓடுகள் பறந்துவிட்டன, பள்ளிக்கூடமே முகாம் ஆனது. பள்ளி திறந்த அன்று நான் போய்ச் சேருவதற்குள் சமையலர் அக்கா அடுப்பைப் பற்றவைத்திருந்தார். அவர் வீட்டுக்கே அன்று கூரை இல்லை.

அடுத்தது கோடை. தையில் அறுத்து, பங்குனியில் உளுந்தும் பயறும் எடுத்துவிட்டால் வாய்க்கால் காய்ந்துவிடும். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும் வரை வயலில் பெரிய வேலை இராது. கடற்கரைப் பக்கமும் இதே கதைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. நாகை, வேதாரண்யம் பக்கம் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும். சரியாக இந்த நாட்களில்தான் பள்ளிக்கும் கோடை விடுமுறை. கூலியும் இல்லை, மீனும் இல்லை, முட்டையும் இல்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போது சில பிள்ளைகளின் கன்னத்தைப் பார்த்தாலே மே மாதம் எப்படிப் போயிற்று என்று தெரிந்துவிடும்.

வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் உத்தரவிட்டது. கொரோனாவில் பள்ளிகள் மூடியிருந்தபோது அரிசியும் பருப்பும் பிள்ளைகளின் பங்காகப் பிரித்துத் தரப்பட்டன. ஆகவே வழி இல்லை என்று சொல்ல முடியாது. விடுமுறையிலும் மதியம் ஒரு மணி நேரமாவது சத்துணவுக் கூடத்தைத் திறக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்காக மே மாதம் வரச் சொன்னால் நானும் வருகிறேன்.

பள்ளிக்கூடத்துல அடுப்பு எரியுது. கும்பகோணத்தை மறந்துட்டீங்களா?

மறக்கவில்லை. 2004 ஜூலை 16, 94 பிள்ளைகள். சத்துணவு சமைக்கும் இடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரையில் ஏறி வகுப்புக்குப் பரவியது. குறுகலான படி, நெருக்கடியான அறைகள். டெல்டாவில் எந்தப் பள்ளியிலும் இன்றும் ஜூலை 16 சாதாரண நாள் இல்லை.

அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்பது உறுதியாகச் செயலுக்கு வந்தது. சமையல் கூடங்களைத் தனியாகக் கட்டினார்கள், விறகு போய்ப் பல இடங்களில் கேஸ் வந்தது. உங்கள் பள்ளிக்குப் போனால் இதையெல்லாம் பாருங்கள்: சமையல் கூடம் வகுப்பறையை ஒட்டி இருக்கிறதா? சிலிண்டர் எங்கே நிற்கிறது? தீயணைப்பான் காலாவதி ஆகாமல் இருக்கிறதா? கொதிக்கிற சாம்பார் அண்டாவைப் பிள்ளைகளைத் தூக்கவிடுகிறார்களா? இந்தக் கடைசி ஒன்றைக் கண்டால் அங்கேயே சத்தம் போடுங்கள்.

வசதி உள்ளவங்க பிள்ளைக்கும் ஏன் போடணும்? ஏழைக்கு மட்டும் போட்டா மிச்சமாகுமே?

போட்டுப் பாருங்கள், ஏழைப் பிள்ளை சாப்பிட வராது. ஏழையா என்று கேட்டுக் கொடுக்கும் சோற்றை வாங்க எட்டு வயதுக்கே கூச்சம் வந்துவிடும். எங்கள் பள்ளியில் மிராசு வீட்டுப் பேரன் ஒருவன் படித்தான். அவன் டிபன் பாக்ஸைத் திறக்காமல் தட்டை எடுத்துக்கொண்டு வரிசைக்கு வந்த அன்றுதான், அதுவரை தூண் மறைவில் உட்கார்ந்து சாப்பிட்ட இரண்டு பெண் பிள்ளைகள் நடுவில் வந்து உட்கார்ந்தார்கள்.

பட்டியல் சமூகப் பெண் சமைத்தால் என் பிள்ளை சாப்பிடாது என்று தமிழ்நாட்டில் சில ஊர்களில் தகராறு நடந்திருக்கிறது. அப்படிச் சொல்வது சட்டப்படி குற்றம். பிள்ளைகளுக்கு இந்த யோசனை தானாக வருவதில்லை, வீட்டிலிருந்து கட்டிக் கொடுத்து அனுப்பப்படுகிறது. கீழத் தஞ்சையில் கூலி கேட்டவர்கள் பட்ட பாட்டைத் தெரிந்த யாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டார்கள்.

இதைக் கொண்டுவந்தது காமராஜரா, எம்.ஜி.ஆரா?

கேட்பவர் எந்தக் கட்சி என்று தெரிந்துகொண்டுதான் எங்கள் தலைமையாசிரியர் பதில் சொல்வார். ஆண்டு வரிசையில் சொல்லிவிடுகிறேன். 1920-இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் காலத்தில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் முதல் முயற்சி. 1956-இல் முதல்வர் காமராஜர் மாநிலம் முழுவதற்கும் மதிய உணவு கொண்டுவந்தார். அப்போது கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராக நன்கொடை திரட்டி அதை நடத்திக் காட்டினார். 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கித் தொடங்கிவைத்தது திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில். 1989-இல் முட்டையைச் சேர்த்த கருணாநிதி, 2010-இல் அதை வாரம் ஐந்தாக்கினார். கலவைச் சாதம் ஜெயலலிதா காலம், காலை உணவு ஸ்டாலின் காலம். உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களையும் பார்த்து, சமைத்த சோறாகப் போடுங்கள் என்று சொன்னது 2001-இல்தான். அதற்குள் நாங்கள் சாப்பிட்டு, படித்து, வேலைக்கே வந்துவிட்டோம்.

சாப்பாடு சரியில்லைன்னா யாருகிட்ட சொல்றது?

முதலில் தலைமையாசிரியரிடம். பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் பெரியவர் ஒருவர் சாப்பிட்டுப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. அந்தப் பதிவேட்டைக் கேளுங்கள். பிறகு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொல்லி, தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். கல்வித் துறை உதவி எண் 14417.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சோறு குழைந்ததற்கும் பருப்பு குறைந்ததற்கும் வேறு வேறு பேர் பொறுப்பு. ஒரே அமைப்பாளர் இரண்டு மூன்று மையங்களைக் கவனிக்கும் ஊர்கள் நிறைய. காலிப் பணியிடத்தின் கோபத்தைச் சமையலர் அக்கா தலையில் கொட்டாதீர்கள்.

இத்தனை வருஷம் போட்டதுக்கு என்ன பலன் தெரியுது?

2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிய உணவு சாப்பிட்ட பெண் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் கழித்து, அவர்கள் தாயான பிறகு பார்த்தது. அவர்களுடைய பிள்ளைகளிடம் வளர்ச்சிக் குறைவு கம்மியாக இருந்தது. அம்மா ஏழு வயதில் சாப்பிட்டது பிள்ளையின் உயரத்தில் வந்து நிற்கிறது. என் மகள் என்னைவிட நாலு விரற்கடை உயரம். அது அவள் அப்பா வழி என்று என் மாமியார் சொல்கிறார். நான் வாதாடுவதில்லை.

எங்க குடும்பத்துல ஏதாவது செய்யலாம்னு இருக்கோம். சாப்பாடு கொண்டுவரலாமா?

வெளியில் சமைத்ததை நேராகப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், தலைமையாசிரியரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம். பள்ளித் தோட்டத்துக்கு முருங்கைப் போத்து கொடுங்கள், கீரை விதை கொடுங்கள். கை கழுவக் குழாய் வைத்துக் கொடுங்கள், சோப்பும் சேர்த்து. தட்டு எப்போதுமே பற்றாக்குறைதான், வாங்கித் தரலாம். ஆனால் பெயர் வெட்டாத தட்டாக வாங்குங்கள். முன்பு ஒருவர் அறுபது தட்டு கொடுத்தார், நல்ல கனமான எவர்சில்வர். நடுவில் "உபயம்" என்று போட்டுத் தாத்தா பெயர், ஊர், கடை பெயர் எல்லாம் வெட்டியிருந்தது. சோறு குறையக் குறைய எழுத்து தெரியும். ரெண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுத்துக் கூட்டி அதை முழுக்கப் படித்துவிட்டு, "இவங்க யாரு டீச்சர், சோறு இவங்களோடதா?" என்று கேட்டது.